ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் சட்டம் மாறிவிட்டது

ஜப்பானின் அரசியலமைப்புச் சட்டம் 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாற்ற வழியில்லாமல் இல்லை. 96ஆம் பிரிவு வழி சொல்கிறது: நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரிக்க வேண்டும், அப்புறம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை வாங்க வேண்டும். அந்த வாக்கெடுப்பு வரைக்கும் எந்தத் திருத்தமும் இதுவரை போனதில்லை. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஜப்பான் போரை என்றைக்குமாகக் கைவிடுகிறது, தரைப்படை, கடற்படை, வான்படை எதையும் வைத்துக்கொள்ளாது என்கிறது. ஆனால் 1954இல் தொடங்கிய தற்காப்புப் படை ஒன்று அங்கே இருக்கிறது. அதனிடம் டாங்கியும் நீர்மூழ்கிக் கப்பலும் போர் விமானமும் இருக்கின்றன. தற்காப்புக்குத் தேவையான குறைந்தபட்ச பலம் 9ஆம் பிரிவு சொல்லும் படையில் சேராது என்பது அரசு தரும் விளக்கம். அந்தப் படைகூட ஜப்பானைத் தாக்கினால் மட்டும்தான் சண்டையிடலாம், நட்பு நாட்டுக்காகப் போய்ச் சண்டையிடக் கூடாது என்று பல பத்தாண்டுகள் அரசின் சட்ட ஆலோசகர்களே சொல்லிவந்தார்கள். 2014 ஜூலை 1 அன்று அப்போதைய பிரதமர் ஷின்சோ அபேயின் அமைச்சரவை கூடி, சில நிபந்தனைகளோடு அதையும் செய்யலாம் என்று முடிவெடுத்தது. நாடாளுமன்றத்துக்கு வெளியே பெரிய கூட்டம் கூடி எதிர்ப்புத் தெரிவித்தது. அடுத்த ஆண்டே அதற்கான சட்டங்களும் நிறைவேறின.

இப்போது சொல்லுங்கள், ஜப்பானில் அரசியலமைப்புத் திருத்தம் நடந்ததா இல்லையா? புத்தகத்தை வைத்துப் பார்த்தால் நடக்கவில்லை. அந்த நாட்டின் படை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

அரசியலமைப்புத் திருத்தம் என்றாலே மசோதா, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்றுதான் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதிக் கதை. மீதிப் பாதி தீர்ப்புகளிலும், அமைச்சரவைக் கூட்டங்களிலும், யாரும் எழுதிவைக்காத பழக்கங்களிலும், சில நேரம் எதையுமே செய்யாமல் சும்மா இருந்துவிடுவதிலும் நடக்கிறது. எனக்குச் சுவாரசியம் இந்த இரண்டாவது பாதியில்தான். ஆனாலும் முதல் பாதியைத் தாண்டித்தானே அங்கே போக வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். அங்கே 5ஆம் பிரிவின்படி, காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு திருத்தம் முன்மொழியப்பட வேண்டும். பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 50இல் 38 மாநிலங்கள், ஒப்புக்கொள்ள வேண்டும். மாநிலங்களே கேட்டு ஒரு மாநாட்டைக் கூட்டித் திருத்தம் கொண்டுவரும் வழியும் உண்டு, ஆனால் அதை யாரும் ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை. இதுவரை காங்கிரஸில் வந்த யோசனைகள் 11,000க்கும் மேல், நிறைவேறியவை 27. அதிலும் முதல் பத்து 1791இல் ஒரே மூச்சில் வந்தவை. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 26ஆவது திருத்தம் 1971இல் சுமார் நூறே நாளில் வேலையை முடித்துக்கொண்டது. அடுத்ததாக வந்த 27ஆவது, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளும் சம்பள உயர்வு அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அமலாகும் என்பது, 1789இல் முன்மொழியப்பட்டு 1992இல் நிறைவேறியது. டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இந்தத் திருத்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று 1982இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு 'சி' கிரேடு போட்டார்கள். மனிதர் விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதி அதை நிறைவேற வைத்தார். 2017இல் பல்கலைக்கழகம் அந்த 'சி'யை 'ஏ' ஆக்கியது.

இந்தியாவில் மூன்று வழிகள். புதிய மாநிலத்தை உருவாக்குவது, பெயர் மாற்றுவது, எல்லையை மாற்றுவது எல்லாம் சாதாரணச் சட்டம் மாதிரி, வெறும் பெரும்பான்மை போதும். அட்டவணையில் உள்ள எழுத்தே மாறினாலும் அதைத் திருத்தமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அரசியலமைப்பே சொல்லிவிடுகிறது. இரண்டாவது, 368ஆம் பிரிவின் சிறப்புப் பெரும்பான்மை: ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்றாவது, மாநிலங்களையும் பாதிக்கும் விஷயம் என்றால் இதோடு பாதி மாநிலச் சட்டமன்றங்களின் சம்மதமும் வேண்டும். 2023 வரை 106 திருத்தங்கள். முதல் திருத்தம், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அடுத்த ஆண்டே, முதல் பொதுத்தேர்தல் நடப்பதற்கும் முன்னால் வந்துவிட்டது. கல்லூரி இடங்களைச் சாதி, சமய வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குப் பதிலாகத்தான் 1951இல் 15ஆம் பிரிவில், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. தீர்ப்பு ஒன்று வந்தது, பிடிக்கவில்லை, எழுத்தையே மாற்றினார்கள். முறையான திருத்தம் எதற்காக இருக்கிறதோ அதற்குச் சரியாகப் பயன்பட்ட இடம் இது.

சில நாடுகள் எண்ணிக்கையைவிடக் காலத்தை நம்புகின்றன. ஸ்வீடனில் ஒரே திருத்தத்தை நாடாளுமன்றம் இரண்டு தடவை, நடுவில் ஒரு பொதுத்தேர்தல் வைத்து, நிறைவேற்ற வேண்டும். நார்வேயில் இந்த நாடாளுமன்றம் முன்மொழியும், தேர்தலுக்குப் பிறகு வரும் நாடாளுமன்றம் முடிவு செய்யும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். கோபத்தில் எடுத்த முடிவு ஒரு தேர்தல் வரைக்கும் தாங்குமா என்று பார்த்துவிடலாம். அயர்லாந்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மக்களிடம் போயே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான், அதுவும் நாடு முழுக்கப் பெரும்பான்மை கிடைத்தால் போதாது, ஆறு மாநிலங்களில் நான்கிலாவது தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். 1901 முதல் 45 யோசனைகள் மக்களிடம் போயின, தேறியவை 8. கடைசியாகத் தேறியது 1977இல்.

சரி, எந்த வழியில் போனாலும் தொடவே முடியாத இடம் என்று ஒன்று உண்டா? ஜெர்மனியில் உண்டு. 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, மனித மாண்பையும் கூட்டாட்சியையும் மக்களாட்சியையும் எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாது என்கிறது. ஆனால் எல்லோரும் பேசும் அந்த வரியைவிட, அதே பிரிவின் முதல் வரியில்தான் கசப்பான அனுபவம் தெரிகிறது. அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்றால் அதன் வாசகத்தை வெளிப்படையாக மாற்றித்தான் திருத்த வேண்டும் என்கிறது அந்த வரி. இதையெல்லாமா எழுதிவைப்பார்கள் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. ஹிட்லருக்கு முன் ஜெர்மனியில் இருந்த வைமர் குடியரசில், அரசியலமைப்புக்கு முரணான சட்டம் ஒன்றை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு நிறைவேற்றிவிட்டால் போதும், மூலத்தில் கைவைக்க வேண்டியதில்லை. 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்த சட்டம் அந்த வழியில்தான் வந்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள், அவைக்குள்ளே சீருடை அணிந்த நாஜிகள் நின்றார்கள். வைமர் அரசியலமைப்பை யாரும் ரத்து செய்யவே இல்லை, கடைசிவரை அது காகிதத்தில் அப்படியே இருந்தது.

இனி இரண்டாவது பாதி.

வாசல் குறுகலாக இருந்தால் வருகிறவர்கள் திரும்பிப் போய்விட மாட்டார்கள், சுவரில் வேறு வழி பார்ப்பார்கள். அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர் விவகாரம் இதற்குச் சரியான சாட்சி. 1916இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது, 1918இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. வரி வழியாக முயன்றார்கள், 1922இல் அதுவும் போயிற்று. வேறு வழியில்லாமல் 1924இல் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றையே முன்மொழிந்தார்கள். அன்றைக்கு 48 மாநிலங்கள், 36 சம்மதித்திருக்க வேண்டும், 28 சம்மதித்தன. அங்கேயே நின்றுவிட்டது. இதற்குள் 1930களில் நீதிமன்றத்தின் போக்கே மாறியது. 1938இல் இன்னொரு சட்டம் வந்தபோது 1941இல் அதே உச்ச நீதிமன்றம் தன் 1918 தீர்ப்பை வெளிப்படையாகவே தூக்கிப் போட்டுவிட்டு, காங்கிரஸுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. அதோடு திருத்தத்துக்கு அவசியமில்லாமல் போயிற்று. கெடு எதுவும் விதிக்கவில்லை என்பதால் அந்த 1924 யோசனை சட்டப்படி இன்றும் மாநிலங்களின் முன்னால் கிடக்கிறது. முன்வாசலில் நின்ற விண்ணப்பத்தை யாரும் பார்க்கவில்லை, அதில் கேட்டதைப் பின்வாசல் வழியாகக் கொடுத்துவிட்டார்கள்.

நீதிமன்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவை விட்டால் ஆளில்லை. 21ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். சட்டம் வகுத்த நடைமுறைப்படியே அன்றி யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அமெரிக்கர்கள் வைத்திருப்பது போல நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று எழுதலாமா என்று அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தது. ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி பிராங்க்ஃபர்ட்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார், வேண்டாம் என்று விட்டார்கள். தெரிந்தே விட்டது, மறந்து விட்டதல்ல. 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படியே படித்தது: சட்டம் ஒரு நடைமுறையைச் சொல்கிறதா, சரி, போதும். 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கிய வழக்கு வந்தபோது, அந்த நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருந்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். வேண்டாம் என்று விட்டது 28 ஆண்டில் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளிருந்து வாழ்வாதார உரிமை வந்தது, கல்வி வந்தது, 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமையும் அங்கேதான் இருக்கிறது என்றார்கள். கல்வியை மட்டும் நாடாளுமன்றம் 2002இல் 86ஆவது திருத்தமாகப் பிறகு எழுதிச் சேர்த்தது. மற்றவை இன்றும் தீர்ப்பில்தான் இருக்கின்றன.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை எனக்குப் பிடித்தவை. பிடித்திருக்கிறது என்பதற்காக எப்படி வந்தன என்று பார்க்காமல் இருக்க முடியுமா? அதே கை வேறொரு வேலையும் செய்தது. 124ஆம் பிரிவு, தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்த பிறகு குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பார் என்கிறது. கலந்தாலோசிப்பது சம்மதம் வாங்குவது ஆகாது என்று 1981இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 1993இல் அதை மாற்றி, தலைமை நீதிபதியும் மூத்த சகாக்களும் சேர்ந்து சொல்வதே மேலானது என்றது; 1998இல் தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த கொலீஜியம் உருவாகியது. அரசியலமைப்பில் கொலீஜியம் என்ற சொல்லை எங்கே தேடினாலும் கிடைக்காது. 2014இல் இதை மாற்ற 99ஆவது திருத்தம் வந்தது. இரு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லை, பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சம்மதித்தன. 368ஆம் பிரிவு கேட்ட எல்லாமே இருந்தது. 2015 அக்டோபரில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. எல்லாச் சோதனையும் தாண்டி எழுத்தில் ஏறியது விழுந்தது, எழுத்தில் எங்குமே இல்லாதது நின்றது.

எந்த அதிகாரத்தில் அப்படிச் சொன்னார்கள்? அதற்கு 1973 ஏப்ரல் 24க்குப் போக வேண்டும். எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் போட்ட வழக்கை 13 நீதிபதிகள் 68 நாள் கேட்டார்கள். ஏழுக்கு ஆறு. நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் சிதைக்கக் கூடாது என்றார்கள். ஜெர்மானியர்கள் தங்கள் சட்டத்தில் எழுதிவைத்துக்கொண்ட பூட்டை, இந்தியா ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் தீர்ப்பாகப் போட்டுக்கொண்டது. திருத்தும் பிரிவையே முறைசாராமல் திருத்திய தீர்ப்பு என்று இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. வங்கதேச உச்ச நீதிமன்றம் 1989இல் இந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டது. இலங்கையின் உச்ச நீதிமன்றம் 1987இலேயே, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நீதிமன்றமே இல்லாமல் நடக்கும் மாற்றங்கள் இன்னும் வேடிக்கையானவை. 1841இல் அமெரிக்க அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனார். அதிபர் இறந்தால் துணை அதிபருக்குப் போவது அதிபரின் பதவியா, அந்த வேலை மட்டுமா என்று அரசியலமைப்பின் வாசகத்தில் தெளிவில்லை. துணை அதிபர் ஜான் டைலர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, உறுதிமொழி எடுத்துக்கொண்டு, நான்தான் அதிபர் என்றார். 'தற்காலிக அதிபர்' என்று முகவரி எழுதி வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாராம். அவ்வளவுதான், அரசியலமைப்பு விளங்கிவிட்டது. அவருக்குப் பிறகு இன்னும் ஏழு துணை அதிபர்கள் அதே போல அதிபரானார்கள். எழுத்தில் ஏறியது 1967இல், 25ஆவது திருத்தமாக. ஒரு மனிதரின் பிடிவாதம் சட்டமாக 126 ஆண்டு ஆகியிருக்கிறது.

பழக்கங்கள் எழுத்துக்கு வருவது பெரும்பாலும் யாராவது மீறும்போதுதான். ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டு முறையோடு போதும் என்று விலகினார், மற்றவர்களும் ஏறக்குறைய அதையே விதியாக எடுத்துக்கொண்டார்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இலும் 1944இலும் மூன்றாவது, நான்காவது முறையாகப் போட்டியிட்டு வென்றார். 1951இல் 22ஆவது திருத்தம் வந்து இரண்டு முறைதான் என்று எழுதியது. ஆஸ்திரேலியாவில் ஒரு செனட்டர் இறந்தால் மாநிலம் அதே கட்சிக்காரரை அனுப்புவது வழக்கம். 1975இல் குயின்ஸ்லாந்தின் முதல்வர் பியல்கே-பீட்டர்சன், இறந்துபோன தொழிற்கட்சி செனட்டரின் இடத்துக்குப் பெயரளவில் அதே கட்சிக்காரரான, ஆனால் பிரதமர் விட்லமைப் பிடிக்காத ஒருவரை அனுப்பினார். மேலவையில் கணக்கு கலைந்தது, பட்ஜெட் மசோதாக்கள் முடங்கின, நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் பிரதமரையே பதவிநீக்கம் செய்தார். அந்த நாட்டின் அரசியலமைப்பில் பிரதமர் என்ற பதவியைப் பற்றிப் பேச்சே கிடையாது என்பது இங்கே நினைவில் வைக்க வேண்டிய விஷயம். 1977இல் தேறியதாகச் சொன்னேனே, அதில் ஒன்று இந்தச் செனட்டர் விவகாரம். மீறியதால்தான் விதி பிறந்தது.

ஒரே ஆவணமாக எழுதிய அரசியலமைப்பே இல்லாத பிரிட்டனில் இந்த விளையாட்டு முழுநேர வேலை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு அரச பீடம் கடைசியாக ஒப்புதல் மறுத்தது 1708இல், ஆன் அரசி காலத்தில். அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை, பயன்படுத்தாமல் விட்டே அது செத்துப்போயிற்று.

அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரமும் அப்படித்தான் தேய்ந்தது. அது காங்கிரஸுக்கு உரியது என்று முதல் பிரிவிலேயே இருக்கிறது. காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், இராக் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

பயன்படுத்தாமல் விடுவதில் ஓர் ஆபத்தான வகை உண்டு. இலங்கையின் 13ஆவது திருத்தம் 1987 நவம்பரில் நிறைவேறியது. மாகாண சபைகள் வந்தன, தமிழும் ஆட்சிமொழி என்ற வரி வந்தது. மாகாணங்களுக்குக் காவல்துறை அதிகாரமும் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான், இன்றுவரை எந்த மாகாணத்தின் கையிலும் அது வந்து சேரவில்லை. மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2014இல், ஊவா மாகாணத்தில். அதற்குப் பிறகு தேர்தல் முறையை மாற்றுகிறோம், எல்லை நிர்ணயம் முடியட்டும் என்று இழுத்து, 2019க்குள் எல்லாச் சபைகளின் காலமும் முடிந்துபோயிற்று, ஆளுநர்களே நடத்துகிறார்கள். 13ஐ நீக்க வேண்டும் என்று யாராவது மசோதா கொண்டுவந்தால் எவ்வளவு ஆர்ப்பாட்டம் வந்திருக்கும், டெல்லியிலிருந்து எத்தனை தொலைபேசி போயிருக்கும்! நீக்கவே வேண்டியதில்லை, தேர்தல் நடத்தாமல் இருந்தால் போதும். யார் இந்த முடிவை எடுத்தார், என்றைக்கு எடுத்தார் என்று கேட்டால் காட்ட ஒரு தேதியும் கிடையாது, ஒரு கையெழுத்தும் கிடையாது. முறைசாரா மாற்றங்களில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். தீர்ப்பு என்றால் குறைந்தது படித்துத் திட்டவாவது பக்கங்கள் இருக்கும்.

அப்படியானால் முறையான வழி நல்லது, முறைசாரா வழி கெட்டது என்கிறேனா என்றால், இல்லை. இந்தியாவில் 42ஆவது திருத்தம் 368ஆம் பிரிவை வரிக்கு வரி பின்பற்றித்தான் வந்தது, 1976இல், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது. இனி எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அதில் ஒரு வரி சேர்த்தார்கள்; 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அது போயிற்று. பிரான்ஸில் 1962இல் அப்போதைய அதிபர் டி கோல், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தத்தை 89ஆம் பிரிவு சொல்லும் பாதையில் கொண்டுபோனால் செனட் மறித்துவிடும் என்று தெரிந்துகொண்டு, வேறு விஷயங்களுக்கான 11ஆம் பிரிவைப் பிடித்து நேரே மக்களிடம் போனார். 62 சதவீதம் பேர் சரி என்றார்கள். அரசியலமைப்புக் கவுன்சில், மக்கள் முடிவெடுத்ததை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தது. முறை தவறி வந்த அந்த ஏற்பாடு அறுபது ஆண்டுக்கும் மேலாக நடக்கிறது.

பொலிவியா நேர் எதிர். அதிபர் மொராலெஸ் தொடர்ந்து போட்டியிட வழிசெய்யும் திருத்தத்தை 2016 பிப்ரவரியில் மக்களிடம் கேட்டார்கள், 51 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2017 நவம்பரில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், பதவிக்கால வரம்பு மனித உரிமைக்கு முரணானது என்று சொல்லி அவரைப் போட்டியிட விட்டது. 2023 டிசம்பரில் அதே தீர்ப்பாயம், அப்படி ஒரு மனித உரிமை கிடையாது என்று திருப்பிப் போட்டது. நடுவில் தேர்தல்களும் ஒரு பெரிய கலவரமும் நாட்டைக் கடந்துபோயின.

டி கோலும் சட்டத்தை வளைத்தார், பொலிவியத் தீர்ப்பாயமும் வளைத்தது. ஒன்று, வேண்டாம் என்று சொல்ல மக்களுக்கு வாய்ப்புக் கொடுத்தது. இன்னொன்று, வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பிறகு வந்தது. எந்த மாற்றம் பற்றிய செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மறுக்கும் வாய்ப்பு யாருக்காவது இருந்ததா, தோற்றவர்கள் நாளைக்கு இதைத் திருப்ப முடியுமா. எந்தப் பிரிவின் கீழ் நடந்தது என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இரண்டு வழிகளுக்கும் நடுவில் கோடு போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் சம உரிமைத் திருத்தத்தைக் காட்டலாம். ஆண் பெண் சமத்துவத்துக்கான இந்தத் திருத்தத்தைக் காங்கிரஸ் 1972இல் நிறைவேற்றி ஏழு ஆண்டு கெடு வைத்தது, பிறகு கெடுவை 1982 வரை நீட்டியது. அதற்குள் 35 மாநிலங்கள் சம்மதித்திருந்தன. அவற்றில் ஐந்து, சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்றன. மூன்று குறைந்தது, கதை முடிந்தது என்று விட்டார்கள். 2017இல் நெவாடா, 2018இல் இலினாய், 2020இல் வர்ஜீனியா சம்மதித்தன. 38 ஆயிற்று. கெடு முடிந்த பிறகு வந்த சம்மதம் கணக்கில் வருமா? கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா? 5ஆம் பிரிவு இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திருத்தம் நிறைவேறியது என்று சான்றளித்து வெளியிட வேண்டியவர் தேசிய ஆவணக் காப்பகத் தலைவர். தன்னால் முடியாது என்று 2024 டிசம்பரில் அவர் சொன்னார். 2025 ஜனவரி 17 அன்று, பதவியிலிருந்து இறங்க மூன்று நாள் இருக்கையில், அதிபர் பைடன் இதுதான் 28ஆவது திருத்தம், நாட்டின் சட்டமாகிவிட்டது என்று அறிவித்தார். ஆவணக் காப்பகம் அதை வெளியிடவில்லை. அச்சிட்ட பிரதியில் 27தான் இருக்கிறது.